‘அடிச்சு விடு’ என்று மட்டும் சொன்னால் ஃபுல் பேக் ஆகிவிட முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு நடந்த ஹாக்கி இறுதிப் போட்டியைப் பற்றிப் போன வாரம் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தீர்கள். கோல் கணக்கு, கோல் போட்ட பையன்கள் பேர், கோப்பை கொடுத்தது யார், அவ்வளவுதான். அந்த ஆட்டத்தைக் கோட்டுக்கு வெளியே நின்று கடைசி வரை பார்த்தவன் நான். அந்த நாலு வரியில் வராத ஒரு பையனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தோற்ற அணியில் ரைட் பேக், அதாவது கோலுக்கு முன்னால் வலது பக்கம் நின்று தடுக்கிறவனாக, ஆடினான் அவன். பதினாலு வயது இருக்கும், ஒல்லியான பையன். ஆட்டம் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது அவன் அணி 1-0 என்று முன்னால் இருந்தது. எதிரணியில் இடது ஓரமாகத் தாக்குகிற லெஃப்ட் விங் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தான், இவன் ரெண்டு கையாலும் ஸ்டிக்கை ஓங்கிக்கொண்டு நேராகப் பாய்ந்தான், அவன் பந்தை லேசாக ஒரு பக்கம் இழுத்தான், இவன் காற்றை அடித்துவிட்டு ரெண்டடி தாண்டிப் போய் நின்றான். திரும்பி ஓடி, கோலுக்கு முன்னால் வளைந்த கோடு போட்ட டி-க்குள் போனதும் பின்னாலிருந்து அவன் ஸ்டிக்கில் தட்டினான். விசில். பெனால்டி கார்னர் (தப்புக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கோல் அடிக்கக் கிடைக்கிற வாய்ப்பு), கோல். அதே மாதிரி இன்னொரு கார்னரில் இன்னொரு கோல், 2-1 என்று ஆட்டம் போய்விட்டது. முடிந்ததும் அவனுடைய பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் “உன்னாலதான் தோத்தோம்” என்று சொன்னார். பையன் குழாயடியில் போய் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் போய், “தம்பி, டேக்கிள் எப்படிப் போடணும்னு யாராவது சொல்லிக் கொடுத்திருக்காங்களா?” என்று கேட்டேன். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பதுதான் டேக்கிள். “இல்ல சார், பந்து வந்தா அடிச்சு விடுன்னு சொல்வாங்க” என்றான்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. தோற்றது அந்தப் பையனால் இல்லை. ஒருத்தரும் கற்றுக் கொடுக்காத வேலையைச் செய்யச் சொல்லி ஒரு குழந்தையை நடு மைதானத்தில் நிறுத்தியதால்தான் தோற்றார்கள்.

நான் லெஃப்ட் பேக் ஆடியவன். பெரிய ஆட்டக்காரன் இல்லை, மாவட்ட அளவோடு நின்றவன், ஆனால் பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த ஒரே இடத்தில் நின்றிருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி ஸ்டிக் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம், அது உங்களுக்கும் தெரியும். ஆனால் எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் ஒரே கதைதான் நடக்கிறது. முதல் நாளே பந்தைத் தட்டித் தட்டி நன்றாக டிரிபிள் பண்ணுகிறவன் முன்னால் நின்று கோல் அடிக்கிற ஃபார்வர்ட், மூச்சு இருக்கிறவன் நடுவில் ஓடுகிற ஹாஃப், ரெண்டும் இல்லாதவன் பேக். உயரமாக, கனமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம் பயிற்சி நேரம் முழுவதும் கோலில் அடிக்கிற பயிற்சிதான். பேக் பையன்கள் அதுவரை கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுவார்கள்.

சரி, தடுப்பாட்டம் என்றால் என்ன? சொல்லிக் கொடுக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். உங்கள் வாசகர்களில் பி.டி. மாஸ்டர்கள் இருப்பார்கள், பிள்ளைகளைத் தினமும் மைதானத்தில் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மா இருப்பார்கள்.

முதல் விஷயம் கால். கை அப்புறம்தான். ஹாக்கி ஸ்டிக்கில் தட்டையான ஒரு பக்கத்தால்தான் ஆடலாம், பின்பக்கத்தால் பந்தைத் தொட்டாலே ஃபவுல். இடக்கை ஆட்டக்காரனுக்கென்று தனி ஸ்டிக்கும் கிடையாது. அதனால் எல்லோருக்குமே வலது பக்கம்தான் பலம், இடது பக்கம் ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து ரிவர்ஸில் ஆட வேண்டும், அது பலவீனம். தடுப்பாட்டம் மொத்தமும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. எதிராளி பந்தைத் தன் வலது பக்கம் வைத்துக்கொண்டு வருகிறான், அது நமக்கு இடது பக்கம். அவனுக்கு நேர் எதிரே போய்ச் சுவர் மாதிரி நின்றால் நம் இடது பக்கமாகச் சுலபமாகப் போய்விடுவான். அதனால் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து, பந்து நம் வலது காலுக்கு நேராக வருகிற மாதிரி நிற்க வேண்டும். இடது கால் முன்னால், வலது கால் பின்னால், முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, ஸ்டிக் தரையை ஒட்டி. இப்படி நின்றால் அவனுக்குத் திறந்திருக்கிற வழி நம் வலது பக்கம் மட்டும்தான், அதாவது அவனுக்கு ரிவர்ஸ் பக்கம். நமக்குப் பலமான இடத்துக்கு அவனாகவே வந்து சேருவான்.

அடுத்தது பொறுமை. பேக்குக்கு முதல் வேலை பந்தைப் பிடுங்குவது என்று பையன்கள் நினைக்கிறார்கள். கிடையாது. முதல் வேலை தாமதப்படுத்துவது. அவன் வேகத்துக்கு ஏற்ற மாதிரி பின்னால் போய்க்கொண்டே, அவனைக் கோட்டுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருந்தால் மூணு விநாடி, நாலு விநாடி கிடைக்கும். அதற்குள் நம் ஹாஃப் திரும்பி வந்துவிடுவான். ஒருத்தனுக்கு ரெண்டு பேர் ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாய்ந்துவிட்டால் அந்த நாலு விநாடி போச்சு, ஒரே தப்பில் கோல்கீப்பர் தனியாக நிற்பான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் பள்ளி ஆசிரியர் இல்லை, மைதானத்துக்குச் சாயங்காலம் வருகிற ஒரு பழைய ஆட்டக்காரர். ரெண்டு பக்கமும் எங்கள் செருப்பையே வரிசையாக வைத்து, நடுவில் பத்தடி வழி விடுவார். ஃபார்வர்டிடம் பந்தும் ஸ்டிக்கும் இருக்கும். என்னைப் பார்த்து, “எலே, நீ ஸ்டிக்கைக் கீழ போட்டுட்டு வா, கையைப் பின்னால கட்டிக்கோ” என்பார். பந்தைத் தொடக் கூடாது, கால் வேலையால் மட்டும் அவனை ஒரு பக்கமாக ஒதுக்கி, செருப்பு வரிசைக்கு வெளியே தள்ள வேண்டும். ஒரு மாசம் இதேதான். எனக்கு அழுகையே வந்தது, மற்றவன் எல்லாம் கோல் அடிக்கிறான், நான் கையைக் கட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாசம் கழித்து ஸ்டிக்கைக் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது, யாரும் என்னைச் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. “அவன் தோளைப் பாக்காத, ஸ்டிக்கைப் பாக்காத, பந்தை மட்டும் பாருலே” என்று அவர் கத்துவது இன்னும் காதில் இருக்கிறது. தோளை ஆட்டி ஏமாற்றலாம், ஸ்டிக்கைச் சுழற்றி ஏமாற்றலாம், பந்து பொய் சொல்லாது.

ஸ்டிக் வேலைக்கு வருவோம். ஆரம்பத்தில் ரெண்டு டேக்கிள் தெரிந்தால் போதும். ஒன்று ஜாப். இடது கையால் மட்டும் ஸ்டிக்கின் மேல் நுனியைப் பிடித்து, தரையை ஒட்டிச் சட்டென்று பந்தை நோக்கி நீட்டி, அதே வேகத்தில் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும், பாம்பு நாக்கை நீட்டி இழுக்கிற மாதிரி. பந்து கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் அவன் ஒரு கணம் தலையைக் குனிவான், பாஸ் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவன் பந்தைக் காப்பாற்றப் பார்ப்பான், நாம் இன்னும் காலில்தான் நிற்கிறோம். நீட்டின ஸ்டிக்கைத் திரும்ப இழுக்காமல் உடம்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால்தான் ஆபத்து. இன்னொன்று ஸ்டிக்கைப் படுக்க வைத்துத் தடுப்பது. அவன் நம் வலது பக்கம் வரும்போது, பந்து அவன் ஸ்டிக்கை விட்டு ஒரு சாண் விலகுகிற அந்த நொடியில், ரெண்டு கையும் தாழ்ந்து, ஸ்டிக் தரையோடு தரையாகத் தடுப்பு மாதிரி கிடக்க வேண்டும். அந்த நொடி எப்போது வருகிறது என்று தெரிய நூறு தடவை, இருநூறு தடவை செய்து பார்க்க வேண்டும், வேறு வழியே இல்லை.

கரிசல் மண் மைதானத்தில் இதைப் பழகுவது லேசில்லை. இடது கை விரல் முட்டி தரையில் உரசி உரசித் தோல் போகும், காயம் ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும். அதனாலேயே பையன்கள் ஸ்டிக்கைத் தாழ்த்தப் பயப்படுகிறார்கள், நிமிர்ந்து நின்றே ஆடிப் பழகுகிறார்கள். அதே பையன் அப்புறம் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், போய் நின்றால் பந்து குதிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும், இவன் ஸ்டிக்கை இறக்குவதற்குள் தாண்டிப் போயிருக்கும். இடது கைக்கு ஒரு கையுறை வாங்கிக் கொடுத்தால் இந்தப் பயம் பாதி தீர்ந்துவிடும். பள்ளிகள் ஜெர்ஸிக்குச் செலவு செய்கிற பணத்தில் கொஞ்சம் இதற்கு ஒதுக்கலாம்.

லெஃப்ட் பேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நான் ஆடின இடம் என்பதால் மட்டுமில்லை. ரைட் பேக்குக்குக் கோடு வலது பக்கம் இருக்கிறது, எதிராளியைக் கோட்டுக்கு ஒதுக்கினால் அவன் தானாகவே நம் பலமான பக்கம் வருகிறான். லெஃப்ட் பேக்குக்கு நேர்மாறு. கோடு இடது பக்கம், எதிரணியின் ரைட் விங் அந்தக் கோட்டை ஒட்டிப் பந்தைத் தன் வலது பக்கம் வைத்துக்கொண்டு ஓடி வருவான். கோட்டுக்கு ஒதுக்கினால் நாம் ரிவர்ஸில்தான் தடுக்க வேண்டும், உள்ளே விட்டால் டி-க்கு நேராகப் போய்விடுவான். அதனால் லெஃப்ட் பேக் இன்னும் முன்கூட்டியே நகர வேண்டும், அவனோடு சேர்ந்து ஓடவும் தெரிய வேண்டும், ஒற்றைக் கையில் ரிவர்ஸ் டேக்கிள் போடவும் தெரிய வேண்டும். இவ்வளவு கஷ்டமான இடத்தில்தான் பல பள்ளிகளில் அணியிலேயே புதுசாக வந்தவனைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்!

டி-க்குள் விதியே வேறு மாதிரி கடிக்கும். கோல் போஸ்ட்டிலிருந்து 14.63 மீட்டர் ஆரத்தில் போட்ட அந்தக் கோட்டுக்குள் காலில் பந்து பட்டாலும், ஸ்டிக்கில் தட்டினாலும் பெனால்டி கார்னர். வேண்டுமென்றே செய்தால், 23 மீட்டர் கோட்டுக்குள் எங்கே செய்தாலும் கார்னர்தான். டி-க்குள் பந்து வைத்திருப்பவனை வேண்டுமென்றே தடுத்தால் 6.40 மீட்டரிலிருந்து பெனால்டி ஸ்ட்ரோக், தடுக்கக் கோல்கீப்பர் மட்டும்தான். கார்னர் வந்துவிட்டால் கோல்கீப்பரோடு சேர்த்து அஞ்சு பேர்தான் தடுக்கலாம், மீதிப் பேர் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். பெரிய ஆட்டங்களில் கார்னரில் பந்தை இழுத்து வீசுகிற டிராக் ஃபிளிக் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, அதை நோக்கி ஒருத்தன் முகக் கவசம் மாட்டிக்கொண்டு ஓடுகிறான். பள்ளி அளவில் எத்தனை பேருக்குக் கவசம் இருக்கிறது? அதனால் கார்னரைத் தடுக்கப் பழகுவதை விடக் கார்னர் கொடுக்காமல் ஆடப் பழகுவது முக்கியம். அதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும், டி-க்குள் நிற்கும்போது ஸ்டிக் தரையை விட்டுக் கிளம்பவே கூடாது. ஸ்டிக் மேலே இருந்தால் பந்து காலுக்குத்தான் போகும்.

அந்த ‘அடிச்சு விடு’ விஷயத்துக்கு வருகிறேன். பந்து கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் அடித்தால் அது எதிரணியின் சென்டர் ஹாஃபிடம்தான் போய் நிற்கும், பத்து விநாடியில் திரும்ப நம் தலைமேல் வரும். கோட்டுப் பக்கம் விடு, முடிந்தால் பாஸாகக் கொடு, நடுவில் மட்டும் கொடுக்காதே, இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அப்புறம் வாய். பேக்குக்கு மைதானம் முழுவதும் முன்னால் தெரிகிறது, ஹாஃபுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. “இடது பாரு”, “அவன் என் ஆளு”, “இன்னும் பாயாத” என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் அணியில் இதை ரொம்பக் கவனித்திருக்கிறேன். ஆட்டம் அருமையாக இருக்கும், சத்தம் மட்டும் வராது. சத்தம் போடாதே என்று வீட்டிலும் வகுப்பிலும் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு மைதானத்தில் திடீரென்று கத்து என்றால் எப்படி வரும்? அதையும் பயிற்சியில்தான் கொண்டுவர வேண்டும்.

தடுப்பாட்டத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் 2024 ஆகஸ்ட் 4 ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி, எதிரே பிரிட்டன். 17-வது நிமிஷத்தில் நம் பேக் அமித் ரோகிதாஸின் ஸ்டிக் எதிரணி வீரர் முகத்தில் பட்டது, சிவப்பு அட்டை. ஆட்டமே 60 நிமிஷம், மீதி 43 நிமிஷம் பத்து பேர். கேப்டன் ஹர்மன்பிரீத் கோல் போட்டார், அவர்கள் திருப்பிப் போட்டார்கள், 1-1. அதற்குப் பிறகு இரண்டாம் பாதி முழுவதும் நம் ஆட்கள் செய்தது நான் மேலே எழுதியதைத்தான், பாயாமல், பிரியாமல், ஸ்டிக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி. கடைசியில், ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்த்து ஆடுகிற ஷூட்அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். எல்லோரும் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைத் தூக்கி வைத்துக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியவர்தான், ஆனால் அவருக்கு முன்னால் நின்ற பேக்குகள் ஒவ்வொருவரும் அன்றைக்கு எத்தனை தடவை பந்தைத் திருப்பினார்கள் என்று அந்த ஆட்டத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்து எண்ணுங்கள். அரையிறுதியில் ரோகிதாஸ் தடையில் இருந்தார், ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். ஒரு பேக் இல்லாததால் மட்டும் தோற்றோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் இல்லாத குறை தெரிந்தது.

அந்த ரோகிதாஸ் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் சவுனாமரா என்ற கிராமத்துக்காரர். இந்தியாவுக்காக 412 ஆட்டம் ஆடின பேக் திலீப் திர்க்கியும் அதே கிராமம்தான். இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அந்த ஊர்ப் பையனுக்கு, ஹாக்கியில் பெரிய ஆள் என்றால் அது ஒரு பேக் என்று சின்ன வயதிலேயே கண்ணுக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. நம் பக்கம் சமீபத்தில் இந்திய அணிக்குப் போன எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் கார்த்தி செல்வம் ரெண்டு பேருமே ஃபார்வர்ட். அவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதனால் இங்கே ஒவ்வொரு பையனும் ஃபார்வர்ட் ஆகத்தான் ஆசைப்படுகிறான், பேக் நிற்கச் சொன்னால் தண்டனை கொடுத்த மாதிரி முகம் வாடுகிறது. 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி பார்த்தோம், 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பையே நடந்தது. நம் பிள்ளைகள் நேரில் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்ததை மைதானத்தில் செய்து பார்க்க ஆளும் நேரமும் கொடுப்பது நம் வேலை.

பயிற்சியாளர்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தினமும் இருபது நிமிஷம் பேக்குகளுக்கென்று ஒதுக்குங்கள், அந்த நேரம் ஃபார்வர்டுகளும் தடுக்கட்டும், ஏனென்றால் பந்து போன இடத்திலேயே முதல் தடுப்பு ஆரம்பிக்கிறது. தோற்றால் பிள்ளையைத் திட்டாதீர்கள். போட்டி நடத்துகிறவர்கள் அதிக கோல் போட்டவனுக்குக் கொடுக்கிற அதே அளவு கோப்பையை நல்ல பேக்குக்கும் கொடுங்கள்.

நான் சொன்ன பையன் இப்போது சனிக்கிழமை காலையில் மைதானத்துக்கு வருகிறான், கூட இன்னும் ரெண்டு பேரைக் கூட்டி வருகிறான். செருப்பு வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். போன சனிக்கிழமை ஒருத்தனை நாலு தடவை வெளியே தள்ளிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த போட்டிக்கு நிருபரை அனுப்பும்போது, ஒரு கால் மணி நேரமாவது கோல் வலைக்குப் பின்னால், வேலிக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நின்றால் பந்து எங்கே போகிறது என்று மட்டும்தான் தெரியும். வலைக்குப் பின்னால் நின்றால்தான் பேக் எங்கே நிற்கிறான், ஏன் அங்கே நிற்கிறான் என்று தெரியும். அப்புறம் அந்த நாலு வரியில் அவன் பேருக்கும் ஒரு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய லெஃப்ட் பேக் ஒருவர்,
கோவில்பட்டி.